தாத்தாவின் ராஜா குதிக்கலாமா?

ஆவடியில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலை. திண்ணையில் சதுரங்கப் பலகை.

ஒரு பக்கம் தாத்தா. வயது 78. டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுபக்கம் பேரன். வயது 10. பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் கற்றுக்கொள்கிறான்.

ஆட்டம் சூடு பிடித்தது. பேரனின் ராணியும் குதிரையும் தாத்தாவின் ராஜாவை நெருங்கின. தாத்தா சிரித்தார். தம் ராஜாவைக் கையில் எடுத்தார். குதிரை மாதிரி ஒரே தாவு! ராஜா தப்பிவிட்டது.

"தாத்தா, இது செல்லாது!" என்று கத்தினான் பையன்.

"ஏன்டா செல்லாது? ராஜாவுக்கு ஒரு தடவை குதிரைத் தாவு உண்டு. நீ இன்னும் ‘செக்’ வைக்கவில்லையே!"

"எங்க சார் அப்படிச் சொல்லித் தரலை. நீங்க ஆடுறது தப்பு ஆட்டம்!"

தப்பு ஆட்டம்! அந்தச் சொல் கிழவரைச் சுட்டுவிட்டது. அவருடைய தகப்பனார் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய ஆட்டம். அவர் ஒன்றும் பேசவில்லை. காய்களைப் பெட்டியில் போட்டு மூடினார். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் திண்ணை காலியாகக் கிடந்தது.

பையனின் தாயார் என்னிடம் கேட்டார்: "யார் சொல்வது சரி? மாமாவைப் புது விதிக்கு மாறச் சொல்வதா? பிள்ளையை விட்டுக்கொடுக்கச் சொல்வதா?"

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. பல வீடுகளில் இருக்கிறது. ஆகவே என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு விதிகள்

முதலில் வித்தியாசம் என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் வழங்கிய பழைய ஆட்டம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனாலும் பல இடங்களில் பொதுவாக இருந்தவை இவை:

1. சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். உலக விதியில், முதல் முறை நகரும்போது இரண்டு கட்டம் போகலாம்.

2. ‘செக்’ வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். உலக விதியில் இது கிடையாது. அதற்குப் பதிலாக ‘காஸ்லிங்’ உண்டு. ராஜா பக்கவாட்டில் இரண்டு கட்டம் நகரும். யானை அதைத் தாண்டி வந்து பக்கத்தில் காவல் நிற்கும்.

3. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால், அந்த வரிசைக்கு உரிய காயாகத்தான் மாறும். யானை நின்ற வரிசை என்றால் யானை. குதிரை நின்ற வரிசை என்றால் குதிரை. உலக விதியில், எந்த வரிசையில் போனாலும் ராணியாக ஆக்கிக்கொள்ளலாம்.

பார்க்கச் சின்ன மாற்றங்கள்தாம். ஆனால் ஆட்டத்தின் நடையே மாறிவிடுகிறது. பழைய ஆட்டம் கட்டை வண்டி. நிதானமாகப் படையைக் கட்டி, பிறகு மோதுவார்கள். புது ஆட்டம் ரயில் வண்டி. நாலைந்து நகர்த்தலிலேயே சண்டை வந்துவிடும்.

குதித்த ராஜா

பேரன் சொன்னது போல, தாத்தாவின் ஆட்டம் தப்பு ஆட்டமா? இல்லவே இல்லை!

சதுரங்கம் பிறந்தது இந்தியாவில். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு. இங்கிருந்து பாரசீகம் போயிற்று. அராபியர் வழியாக ஐரோப்பா போயிற்று. போன இடங்களில் எல்லாம் விதிகள் மாறின.

இன்று பலகையில் பயங்கரமான காய் எது? ராணி. ஆனால் பழங்காலத்தில் அந்த இடத்தில் இருந்த மந்திரி, மூலைவாக்கில் ஒரு கட்டம்தான் நகரும். 15-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பாவில் அதற்கு இத்தனை பலத்தையும் கொடுத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். முற்காலத்தில் ஐரோப்பாவிலும் ராஜா ஒரு தடவை தாவியது! அந்தத் தாவல்தான் பல வடிவம் மாறி, கடைசியில் ‘காஸ்லிங்’ ஆயிற்று. அதாவது, தாத்தாவின் விதி பேரனின் விதிக்கு மூத்த உறவு. மூத்தவரைப் பார்த்து யாராவது ‘தப்பு’ என்று சொல்வார்களா?

சுல்தான்கான் கதை

அப்படியானால் பழைய விதியிலேயே இருந்துவிடலாமே? கூடாது. அதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே சாட்சி.

அவர் பெயர் மீர் சுல்தான்கான். பஞ்சாபிலே ஒரு கிராமத்தில் பிறந்தவர். தகப்பனாரிடம் இந்திய விதிப்படி சதுரங்கம் கற்றார். உமர் ஹயாத் கான் என்ற பெரிய ஜமீன்தார் அவருடைய திறமையைக் கண்டார். உலக விதியைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

1929-ல் இருவரும் லண்டன் போனார்கள். அதே ஆண்டில் சுல்தான்கான் பிரிட்டிஷ் சாம்பியன்! 1932-லும் 1933-லும் மறுபடியும் அவரே சாம்பியன். முன்னாள் உலக சாம்பியனான காபாபிளாங்காவையே ஒரு ஆட்டத்தில் தோற்கடித்தார்.

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. ஆட்டத்தின் தொடக்கத்தில் தடுமாறுவார். காரணம், அவர் பழகியது ஒரு கட்டம் நகரும் சிப்பாய். எதிரே இருந்தவர்கள் இரண்டு கட்டச் சிப்பாயோடு பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் புத்தகங்கள் இருந்தன.

1966-ல் அவர் காலமானார். உலக சதுரங்க சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது எப்போது தெரியுமா? 2024-ல்!

பழைய விதி அவர் மூளையைக் கெடுக்கவில்லை. அது வளர்த்த மூளைதான் காபாபிளாங்காவை வென்றது. ஆனால் மாற்றம் தாமதமாக வந்தது. அதற்கு அவர் விலை கொடுத்தார். நம் பிள்ளைகள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம்.

சென்னை மாறிய விதம்

1960-கள் வரைகூட நம் நாட்டில் பல இடங்களில் பழைய விதிப்படியே ஆடினார்கள். உலக விதியைப் பரப்ப உழைத்தவர்களில் முக்கியமானவர் மானுவல் ஆரோன். 1961-ல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். இந்தியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான். ஒன்பது முறை தேசிய சாம்பியன்.

1972-ல் சென்னையில், சோவியத் கலாசார நிலையத்தில், ‘தால் செஸ் கிளப்’ தொடங்கியது. அதற்கும் ஆரோன் முன்னின்றார். அங்கே வந்து ஆடிய சிறுவர்களில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு உலக சாம்பியனும் ஆனார்.

2024 டிசம்பரில் 18 வயதில் உலகப் பட்டம் வென்ற குகேஷ் எங்கே படித்தவர்? ஆவடிக்கு வெகு தூரமில்லாத மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியில்! விதி ஒன்றாக இருந்ததால்தானே நம் பக்கத்துப் பையன் சீனாவின் டிங் லிரனோடு ஒரே பலகையில் உட்கார முடிந்தது?

"நம்முடையதை ஏன் விட வேண்டும்?"

"இது நாம் பெற்ற ஆட்டம். வெளிநாட்டான் மாற்றிய விதிக்கு நாம் ஏன் மாற வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புதிய கேள்வி அல்ல. 1814-லேயே திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்ற பண்டிதர், சதுரங்கப் புதிர்களை ஐரோப்பிய விதிக்கு ஏற்றபடி அமைத்து, பம்பாயில் புத்தகம் போட்டார். தம் கல்வியை அவர் இழக்கவில்லை. அதை உலகம் படிக்கும்படி செய்தார்.

இதற்கு நல்ல பதிலை அந்த ஆவடித் தாத்தாவே என்னிடம் சொன்னார். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததாம். குவார்ட்டர்ஸில் பல ஊர்க்காரர்கள். மாலையில் சதுரங்கம். தஞ்சாவூர்க்காரர் ஒரு விதி சொல்வார். வட ஆர்க்காட்டுக்காரர் இன்னொரு விதி சொல்வார்.

"பாதி நேரம் ஆட்டம், பாதி நேரம் சண்டை. கடைசியில் ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அப்புறம் சண்டை இல்லை" என்றார்.

நான் சிரித்தேன். "ஐயா, உலக விதி என்பதும் அந்தக் காகிதம்தான். சுவர் மட்டும் கொஞ்சம் பெரியது" என்றேன்.

உலக சம்மேளனம் 1924-ல் பாரிஸில் ஏற்பட்டது. அது இன்றும் விதிகளைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறது. செல்போன் வந்ததும், ‘ஆட்டக்காரர் அதை ஆடும் இடத்தில் வைத்திருக்கக் கூடாது’ என்று ஒரு விதி சேர்ந்தது. இன்று புது விதி பேசும் பேரனும் ஒரு நாள் பழைய விதிக்காரன் ஆவான். இதை அவன் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

பெற்றோர்களே! என் யோசனைகள் இவை:

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு உலக விதியை முதலில் கற்றுக்கொடுங்கள். நன்றாகப் பதிந்த பிறகு பழைய விதியைக் காட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் குழம்புவான்.

ஆட உட்காரும் முன், "இன்று எந்த விதி?" என்று கேட்டு முடிவு செய்யுங்கள். பாதி ஆட்டத்தில் விதியை மாற்றாதீர்கள். சண்டைக்கு மூலகாரணம் விதியல்ல, பேசாமல் உட்காருவதுதான்.

வீட்டுப் பெரியவர் ஆடும் விதியை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த ஊர், யார் கற்றுக்கொடுத்தது, ராஜா எப்படித் தாவும், சிப்பாய் எப்படி மாறும் — எல்லாம் எழுதட்டும். உலக விதிக்கு ஆயிரம் புத்தகம் இருக்கிறது. உங்கள் தாத்தாவின் விதிக்கு அவர் ஒருவர்தான் புத்தகம்.

வயதானவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரனின் விதியை ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். தோற்பீர்கள். தோற்றால் என்ன? அவனுடைய முகத்தைப் பாருங்கள்!

போன வாரம் அந்த வீட்டுப் பக்கம் போனேன். திண்ணையில் பலகை விரிந்திருந்தது. பேரனுக்கு முன்னால் ஒரு நோட்டு. தாத்தா சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்ததும் காய்களை அடுக்கினான்.

"டேய், இன்றைக்கு என் ராஜா குதிக்கலாமா?" என்று கேட்டார் தாத்தா.

பையன் சுவரிலிருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. குதிக்கலாம் தாத்தா. ஆனா ஒரே ஒரு தடவைதான்!"