நீச்சல் குளங்களுக்கும் வேண்டும் கட்டுப்பாடு

தில்லியில் 2024 கோடையில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு நிலவியபோது, குழாய் வைத்துக் கார் கழுவுவோருக்கும் தொட்டியை வழியவிடுவோருக்கும் ரூ. 2,000 அபராதம் என அரசு அறிவித்தது. சங்கம் விஹார் போன்ற பகுதிகளில் தண்ணீர் லாரியை நம்பியே மக்கள் காலம் தள்ளுகின்றனர். அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சத்தர்பூர் பண்ணை வீடுகளிலோ சொந்த நீச்சல் குளங்கள் உள்ளன.

அதே ஆண்டு மார்ச்சில், நீச்சல் குளங்களில் குடிநீரைப் பயன்படுத்தினால் ரூ. 5,000 அபராதம் என பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்தத் துணிவு தலைநகருக்கும் தேவை.

பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 75,000 லிட்டர் நீர் நிற்கும். வெயிலில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே 500 லிட்டர் வீணாகும். வெயில் பட்டால் குளோரின் விரைவில் வீரியம் இழக்க, பாசி படர்கிறது. நீர் முழுவதையும் வெளியேற்றி மீண்டும் நிரப்புகின்றனர். மாலையில் குளோரின் இட்டு, நாள்தோறும் வடிகட்டி, பயன்படுத்தாத நேரத்தில் மூடி வைத்தால் அதே நீர் பல மாதங்களுக்குப் போதும்.

இதை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட இயலாது. நிலத்தடி நீர் மதில் சுவருக்குக் கட்டுப்பட்டதல்ல. குளங்களைப் பதிவு செய்து, மூடியையும் வடிகட்டும் கருவியையும் கட்டாயமாக்க வேண்டும். கார் கழுவுவோரிடம் காட்டும் கண்டிப்பைக் குளம் வைத்திருப்போரிடமும் காட்டினால்தான் சட்டம் அனைவருக்கும் பொது என்று மக்கள் நம்புவர்.