கண்ணாடிக் கோட்டையும் பாசப் பல்லவியும்

ஜீனெட் வால்ஸின் 'தி கிளாஸ் காசில்' (2005) படித்தவர்கள் பலர் "அப்பா குடிகாரர்தான், ஆனா என்ன பாசம்!" என்று உருகுகிறார்கள். அட போங்கப்பா! மூன்று வயதுக் குழந்தை தனியாக அடுப்பில் சமைத்து உடம்பு வெந்துபோகிறது. மேற்கு வர்ஜீனியாவின் வெல்ச்சில் மகள் பசி தாங்காமல் பள்ளிக் குப்பைத்தொட்டியைத் துழாவுகிறாள். அம்மாவோ போர்வைக்குள் ஒளிந்து சாக்லேட் தின்கிறார். (டெக்சாஸில் பத்து லட்சம் டாலர் பெறுமான நிலம் வேறு அவர் பெயரில்!)

மன்னிப்பது வால்ஸின் உரிமை. பட்டவர் மன்னிக்கலாம், வாசகருக்கு என்ன அவசரம்? 2017-ல் வந்த சினிமா இன்னும் மோசம், அப்பாவுக்கு வெள்ளையடித்தே முடித்துவிட்டார்கள்.

விசுவாசம்தான் வேண்டுமென்றால் அந்த உண்டியலைப் பாருங்கள். அக்கா லோரி முதலில் நியூயார்க்குக்குத் தப்பட்டும் என்று தங்கையும் தம்பியும் சேர்ந்து சேர்த்த காசு. அதிலும் கைவைத்தவர் இந்தப் பாசக்கார அப்பா ரெக்ஸ்தான்.