தையல் அறையில் ஒரு வாள்

நம் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே தையல் கற்றுத் தருகிறார்கள். சங்கிலித் தையல், காம்புத் தையல், பட்டன் துளைத் தையல் எல்லாம் நமக்குக் கைவந்தவை. தையல் மெஷினை மிதிக்கவும் தெரியும். ஆனால் மரம் அறுக்கும் வாளைத் தொட வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டுவிட்டால், "அது ஆண்பிள்ளை வேலையல்லவா? அதற்குப் பலம் வேண்டாமா?" என்ற பதில்தான் வருகிறது. இந்தப் பதில் சரியன்று என்பது என் கருத்து. அதிலும், தடித்த மரத்தை அறுத்துப் புதிர்ப் பெட்டி செய்யும் வேலையில் பலம் உதவாது என்பது மட்டுமன்று, அது வேலையைக் கெடுக்கவும் செய்கிறது.

ஸ்க்ரோல் சா என்ற வாள் மெஷினை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். ஒரு சிறு மேசை. அதன் நடுவில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக, சுமார் ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு ஒன்று விறைப்பாகக் கட்டப்பட்டு மேலும் கீழும் ஓடுகிறது. பிளேடு இடம் மாறுவதில்லை. மரத்தைத்தான் இரு கைகளாலும் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தையல் மெஷின் நினைவுக்கு வரவில்லையா? ஊசி ஓடுகிறது, துணியை நாம் திருப்புகிறோம். பழைய நாளில் இந்த வாளையும் காலால் மிதித்தே ஓட்டினார்கள். இப்போதுதான் மின்சாரம்.

இது வெறும் கற்பனை ஒப்புமை அன்று. 1908, 1909ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மரத்துண்டுப் புதிர்ப் படங்களின் மேல் பெரும் மோகம் உண்டாயிற்று. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் (நம் சேலம் அன்று!) இருந்த பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனியில் வாளின் முன் அமர்ந்து அந்தத் துண்டுகளை அறுத்தவர்கள் பெண்கள். பூ, பறவை, விலங்கு என்று உருவங்களையும் படத்துக்கு நடுவே அறுத்து வைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே கூலி வாங்கிக்கொண்டு பெண்கள் செய்த வேலை இன்று நமக்கு மட்டும் எப்படி ஆண்பிள்ளை வேலை ஆயிற்று?

அவர்கள் அறுத்தது மெல்லிய பலகை, வைரம் பாய்ந்த தடிக்கட்டை வேறு என்று ஒருவர் கேட்கலாம். வேறுதான். அங்கேதான் என் வாதம் இருக்கிறது.

புதிர்ப் பெட்டி என்பது திறக்கும் வழியை ஒளித்து வைத்திருக்கும் பெட்டி. ஜப்பானில் ஹகோனே என்னும் மலைப்பகுதியில் செய்யும் பெட்டிகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் பக்கப் பலகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வரிசைப்படி நகர்த்தினால்தான் மூடி திறக்கும். நான் சொல்ல வந்த பெட்டி அதைவிட எளியது. இரண்டு அங்குலத் தடிமனுள்ள ஒரே கட்டையிலிருந்து அதை அறுத்து எடுக்கிறார்கள். மேலே மூடி, கீழே பெட்டி, இரண்டையும் கோத்துப் பிடிக்க வளைந்த நாக்கு போன்ற ஒரு சாவித்துண்டு. பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் அது வராது. முன்னிருந்து பின்னாகத் தள்ளினால் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், பிறகு மூடி நகரும். எல்லாம் ஒரே கட்டை என்பதால் மரத்தின் ரேகை ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்கு ஓடும். எங்கே அறுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு.

சாவித்துண்டு வழுக்க வேண்டுமானால், இரண்டு அங்குல ஆழம் முழுவதும் வெட்டு செங்குத்தாக இறங்கியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தோழிகள் கணக்குப் புத்தகத்தை எடுங்கள். மேசை ஒரே ஒரு பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேன் 1 பாகை 0.0175. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டு விலகுவது 0.1 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. ஐம்பது மில்லிமீட்டர் கட்டையிலோ ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். துண்டு ஒரு பக்கம் விழுந்துவிடும், மறு பக்கம் இறுகி நின்றுவிடும். (முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.) மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. வேறொரு வழி எனக்கு மிகவும் பிடிக்கும். வேண்டாத தடிக்கட்டை ஒன்றில் சிறு கீறல் போடுவது, பின் கட்டையை அப்படியே திருப்பி, அதே கீறலைப் பிளேடின் பின்புறத்துக்குக் கொண்டு வருவது. பிளேடு தடையின்றி அதற்குள் நுழைந்தால் மேசை நேராக இருக்கிறது.

இனிப் பலத்தின் கதைக்கு வருவோம். பிளேடு ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கும் தூரம் முக்கால் அங்குலம்தான். கட்டையோ இரண்டு அங்குலம். ஆகவே நடுவில் உள்ள பற்கள் மரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. அவை அறுத்த தூள் அங்கேயே அடைத்துக்கொள்கிறது, சூடு ஏறுகிறது, மரம் கருகுகிறது. இந்த நேரத்தில் பலமுள்ளவர் என்ன செய்கிறார்? கட்டையை அழுத்தித் தள்ளுகிறார். பிளேடு வில்லாக வளைகிறது. மேலே கோட்டின் மீது போவதுபோல் தெரியும் வெட்டு, நடுவில் வயிறு பெருத்துப் போகிறது. அப்படி அறுத்த சாவித்துண்டு எந்தப் பக்கமும் நகராது. சில வேளை பிளேடே அறுந்துவிடும். எங்கள் மாமாவின் பட்டறையில், நல்ல தேகக்கட்டுள்ள என் அண்ணன்மார் ஒரே ஞாயிற்றுக்கிழமை நான்கு பிளேடுகளை அறுத்ததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று கொடுத்திருந்த வேலை தூள் கூட்டுவது!

தடிமரத்துக்கு வேண்டியது வேறு. பற்கள் பெரிதாகவும் இடைவெளி விட்டும் இருக்கும் பிளேடு வேண்டும், அப்போதுதான் தூளுக்கு இடம் கிடைக்கும். மரத்தின் மேல் பெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை ஒட்டிவிட்டால் கருகுவது குறைகிறது. மற்றதெல்லாம் காத்திருக்கும் கைகள். பிளேடு தின்னும் அளவுக்கு மேல் ஊட்டக் கூடாது. பூத்தையலில் நூலை இழுத்தால் துணி சுருங்கும் என்று சிஸ்டர் நமக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! அந்தக் கை இங்கே அப்படியே பயன்படும்.

விரல் போய்விடும் என்று அம்மாக்கள் பயப்படுவது நியாயம்தான். வட்ட வாளைப்போல் இது அவ்வளவு ஆபத்தானது அன்று. ஆனாலும் வாள் வாள்தான். விரல் பிளேடுக்கு நேராக நிற்கக் கூடாது, கட்டை துள்ளாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், பின்னலை முடிந்து தாவணியை இடுப்பில் செருக வேண்டும், கண்ணாடி அணிய வேண்டும். தேக்கு, ஈட்டி இவற்றின் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, ஆதலால் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் முறுக்குப் பிழிய நம்மை அனுப்பும்போது இவ்வளவு யோசித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

தேர்வுக்கு நேரம் போகும் என்பதற்கு, வாரத்தில் ஒரு கைவேலை வகுப்பு எப்படியும் இருக்கிறது என்பதே பதில்.

செலவுக்கும் ஒரு வார்த்தை. தச்சுப்பட்டறைகளில் தள்ளிவிடும் துண்டுக் கட்டைகளே இதற்குப் போதும். தேக்கைப் பிறகு பார்க்கலாம், அதில் உள்ள மணற்சத்து பிளேடின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தையல் அறையின் வடக்கு ஜன்னல் ஓரத்தில், பழுதான இரண்டு மெஷின்கள் இருக்கும் இடத்தில், ஒரு வாள் மெஷின் தாராளமாக அடங்கும். முதல் பெட்டிக்கு மரமும் வாங்க வேண்டியதில்லை. எங்கள் கொல்லையில் போன ஆண்டு காற்றில் சாய்ந்த பூவரசு அறுபட்டு, நிழலில் அடுக்கிக் கிடக்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்டது. கொடுக்கலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.