தவில்காரரின் தோள்வலியும் தொழிற்காயம்தான்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் தீவகத்தில் மேளகாரருக்கு ஓய்வில்லை. காலையில் வேலணையில் ஒரு கோயில், இரவில் புங்குடுதீவில் இன்னொன்று. ஆனியில் குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் 16 நாள் மகோற்சவம். வேலணையில் பிறந்து வளர்ந்த நான் இந்த மேளத்தைக் கேட்டே வளர்ந்தவன். வாசிப்பைப் பற்றி நாங்கள் விடியவிடியப் பேசுவோம். வாசிக்கும் உடம்பைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

தவிலின் பாரம் வார் வழியாகத் தோளிலும் கழுத்திலும் இறங்குகிறது. வலது கையில் கூடு போட்ட விரல்களும் மணிக்கட்டும், இடது கையில் கழி பிடித்த முழங்கையும் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்கின்றன. ஓய்வில்லாவிட்டால் தசைநாண்கள் நோகத் தொடங்கும். காதும் தப்பாது. 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. நாங்களோ மேளத்துக்குப் பக்கத்திலேயே ஒலிபெருக்கியையும் வைக்கிறோம்.

பரதம் பயிலும் பிள்ளைகளின் நிலையும் இதுதான். இடுப்பு திரும்பாத அளவுக்குப் பாதத்தைத் திருப்பி அரைமண்டியில் இருந்தால், முறுக்கு முழங்காலில் விழும். அதோடு சீமெந்துத் தரையில் தட்டடவு ஆடினால் கணுக்காலும் நாரியும் சேர்ந்து நோகும்.

வலியை இவர்கள் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கை ஏலாது என்று ஊருக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் வேறு கோஷ்டிக்கு அழைப்புப் போகும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், ஒரு வேலைகொள்வோரின் கீழ் வேலை செய்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. கோயிலுக்குக் கோயில் பேசி வாசிப்பவருக்கு வேலைகொள்வோர் யார்? அரசின் கலாபூஷணம் விருதோ 60 வயதைத் தாண்டிய பிறகுதான். தோள் அதற்கு முன்னரே போய்விடுகிறது.

பிரித்தானியாவில் கலைஞர்களின் உடல்நலத்துக்கென்றே 1984 முதல் ஓர் அமைப்பு இயங்குகிறது. அவ்வளவுக்கு இங்கே காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு கோஷ்டி பிடிக்கும் கோயில்கள் போட்டிக்கு நிறுத்தாமல் மாறிமாறி ஓய்வு கொடுக்கலாம். ஒலிபெருக்கியைத் தள்ளி வைக்கலாம். மருதனார்மடத்தில் இசையும் நடனமும் கற்பிக்கும் யாழ். பல்கலைக்கழகம், உடம்பைக் காக்கும் முறையையும் ஒரு பாடமாக்கலாம். தோள்வலியோடு கிளினிக்குக்கு வருபவரிடம் வைத்தியர் "என்ன தொழில்?" என்று கேட்டு, நேரத்தோடு இயன்மருத்துவரிடம் அனுப்பலாம்.

கோபுரத்துக்கும் தேருக்கும் காசு சேர்க்கும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதில் ஒரு பங்கை, கை ஏலாமல் வீட்டிலிருக்கும் கலைஞரின் சிகிச்சைக்கும் அந்த மாத வருமானத்துக்கும் ஒதுக்குங்கள். மேளம் இல்லாமல் எந்தத் தேரும் இருப்பிடம் விட்டு அசைவதில்லை.