கரண்ட் ஆபீஸுக்கு இருக்கிற நாகரிகம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் கரண்ட்டை நிறுத்துவது புதிதில்லை. ஆனால் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தப் பகுதி என்று பேப்பரில் வந்துவிடும். மாவு மில்காரர் முந்தின நாளே அரைத்துத் தள்ளிவிடுவார், வீடுகளில் தொட்டி நிரம்பிவிடும். (சொல்லாமல் போகிற கரண்ட் தனிக் கதை. அதற்கு இன்னொரு பதிவு வேண்டும்.) இத்தனை திட்டு வாங்குகிற மின்வாரியத்துக்கே இருக்கிற இந்த நாகரிகம், உலகப் பணக்காரக் கம்பெனியான மைக்ரோசாப்ட்டுக்கு ஏனய்யா வரவில்லை?

2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது, வீட்டுக்கு வாங்குகிற ஹோம் பதிப்பில் அப்டேட்டை நிறுத்தி வைக்கிற பொத்தானே கிடையாது. காசு கொடுத்து வாங்கியவன் "இப்போ வேண்டாம்பா" என்று சொல்ல 2019 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் 35 நாள்வரைதான்!

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முந்தைய வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிடிபி கடையை நினைத்துப் பாருங்கள். நோட்டீஸுக்கும் பேனருக்கும் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். திரையில் நீலம், "கணினியை அணைக்க வேண்டாம்" என்று ஒரு வரி. முப்பது சதவிகிதத்திலேயே முக்கால் மணி நேரம். அண்ணாச்சியின் யுபிஎஸ் தாங்குவது பத்து நிமிஷம். நடுவில் கரண்ட் போனால் தேர் ஓடும், கணினி ஓடாது :-)

நேரம் தின்பதோடு விட்டாலும் பரவாயில்லை. 2018 அக்டோபர் 2-ம் தேதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய டாக்குமெண்ட்ஸ் போல்டரில் இருந்த கோப்புகளையே அழித்தது. சில நாளில் நிறுத்திவிட்டு, நவம்பர் 13-ம் தேதிதான் மறுபடி விட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், சோதனைப் பதிப்பை ஓட்டியவர்களில் சிலர் முன்பே புகார் எழுதியிருந்தார்கள். கவனிக்கத்தான் ஆளில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்கூடப் பதம் பார்க்காமல் சட்டியை இறக்குவதில்லை.

மைக்ரோசாப்ட் மட்டும்தான் இப்படி என்றில்லை. 2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி ஒரு சின்ன கோப்பை அனுப்பியது. 78 நிமிஷத்தில் திரும்ப எடுத்தும் பயனில்லை. மைக்ரோசாப்ட் சொன்ன கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கெட்ட கோப்பு ஒரே நொடியில் உலகம் முழுக்கப் போய்விட்டது. அதை அழிக்கவோ, பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கணினி முன்னாலும் ஒரு ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது.

உடனே, "அப்டேட்டையே மொத்தமா நிறுத்திடுங்க" என்று யோசனை சொல்லும் பஜார் நிபுணர்கள் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் அதோகதிதான். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகைச் சுற்றியதே, அதற்கான ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அந்தப் பயத்தைத்தான் கம்பெனிகள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஓட்டை அடைக்கிறேன் என்று உள்ளே வந்து, ஸ்டார்ட் மெனுவை இடம் மாற்றி, கேட்காத விளம்பரத்தையும் ஒட்டிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்? பூட்டு மாற்ற வந்தவன் பீரோவை ஏன் நகர்த்த வேண்டும்?

பூட்டை மட்டும் தனியாகக் கொடுங்கள். மற்றதை எல்லாம், தேரை நிலைக்குக் கொண்டுவந்த பிறகு அண்ணாச்சி பொத்தானை அழுத்தும்போது அனுப்பினால் போதும்.