தாமதம் யாருடையது?

‘இந்த வயசுல எதுக்குய்யா குத்துச்சண்டை?’ என்று கேட்கிற வாய்களிடம் ஒரு கேள்வி: அந்த வயசைத் தின்றது யார்?

அமெரிக்கக் கறுப்பர் டூயி போசெல்லா. 1977இல் நடந்த கொலைக்கு, தடயம் எதுவும் அவரைக் காட்டாமலே, குற்றவாளிகள் இருவரின் வாய்ச் சாட்சியத்தை நம்பி 1983இல் தண்டித்தார்கள். சிங் சிங் சிறைக்குள் சண்டை போட்டு சாம்பியன் ஆனார். 1990இல் மறுவிசாரணை. ‘குற்றத்தை ஒத்துக்கோ, விட்டுடறோம்’ என்று பேரம். செய்யாததை எப்படி ஒத்துக்கிறது? மறுத்தார். மொத்தம் 26 வருஷம் உள்ளே. அரசுத் தரப்பு மறைத்த ஆதாரம் வெளியே வந்து, 2009இல் விடுதலை. 2011 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் தொழில்முறைச் சண்டை. வயது 52. நாலு ரவுண்டும் நின்று ஜெயித்தார்.

இதை ‘விடாமுயற்சி’ என்று மெச்சி முடித்துவிடுகிறார்கள். பறிகொடுத்தவனின் பொறுமையைப் பாராட்டிக்கொண்டே திருடனைத் தப்பவிடுகிற தந்திரம் இது. முயற்சி போசெல்லாவுடையது. தாமதம் அரசுடையது.

தோழர்களே, நம்ம சேரியிலும் நாற்பதில் எழுத்துப் படிக்கிற அக்காவை, ஐம்பதில் கதை எழுத வருகிற அண்ணனை ‘லேட்டு’ங்கிறான். வாசலை அடைச்சுக்கிட்டு நின்னவனே அதைச் சொல்றான். அவன்கிட்ட வயசுச் சான்றிதழ் காட்டாதீங்க. கணக்குக் கேளுங்க.