எங்கள் சரிவின் மழையை நாங்களே அளக்கிறோம்

கீழ்ப்பழனி மலையில் காப்பி வைத்திருக்கும் எங்களுக்கு ஆண்டு வரும்படியைத் தீர்மானிப்பது மாசி, பங்குனியில் விழும் பூ மழை. வறட்சியில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். ஓர் இன்ச், தோட்டக்காரர் கணக்கில் நூறு சென்ட், மழை சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் எட்டு, பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அரைகுறையாகத் தூறிவிட்டுப் போனால் பல மொட்டுகள் சரியாக விரியாமலே வீணாகும். அந்தக் குறையை உடனே ஸ்பிரிங்ளர் போட்டு ஈடுகட்ட வேண்டும்.

ஆக, என் தோட்டத்தில் எத்தனை சென்ட் விழுந்தது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். தாண்டிக்குடியில் கொட்டித் தீர்க்கும் நாளில் பண்ணைக்காட்டில் இலைகூட நனையாமல் போவதுண்டு. கைப்பேசியில் வரும் வானிலைத் தகவல் வட்டாரத்துக்கே பொதுவானது. என் சரிவு கிழக்குப் பார்த்ததா மேற்குப் பார்த்ததா என்று அதற்குத் தெரியாது.

அதனால் வீட்டிலேயே கருவி செய்துகொண்டோம். பாலிடெக்னிக் படித்த என் அண்ணன் மகன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையில் வெப்பம், காற்றின் ஈரம், மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார்களை இணைத்தான். மழைமானிக்குள் சீசா பலகைபோல ஆடும் இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் நிறைந்து கவிழும்போதெல்லாம் காந்தம் ஓர் எண்ணிக்கையைக் கூட்டும். வெயில் நேரே படாமலும் காற்று புகும்படியும் வெப்ப சென்சாருக்கு மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளிவிட்டு அடுக்கினோம். செல்போன் டவர் எடுக்காத பள்ளத்திலிருந்து லோரா ரேடியோ வழியாக எண்கள் வீட்டுக்கு வருகின்றன. அதற்கான 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை. மண் சென்சாரை மட்டும் கடையில் வாங்கியபடி நம்பக் கூடாது. நம் மண்ணை நன்றாகக் காயவைத்து ஒருமுறை, நீர் ஊற்றி வடிந்தபின் ஒருமுறை அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மழையைவிட நிழலைப் பற்றித்தான் இக்கருவி எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. பலா, முள்முருங்கை நிழலில் ஒன்றும், கிளை கழித்த சில்வர் ஓக் வரிசையில் ஒன்றும் வைத்தோம். உச்சிவேளையில் இரண்டுக்கும் சில டிகிரி வித்தியாசம். அரபிகா காப்பிக்கு உகந்தது 15 முதல் 25 டிகிரி வரை. தண்டில் வெயில் விழுந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு அங்கே முட்டையிடும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் அது அதிகம் பறக்கும். எண்களைப் பார்த்தபின் சில்வர் ஓக் பக்கம் கிளை வெட்டுவதை நிறுத்திவிட்டோம். ஆனால் வண்டு இறங்கிய செடியை எந்த சென்சாரும் காட்டாது. தண்டில் மேடு தட்டியிருக்கிறதா என்று கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

இதே வேலையைச் செய்ய ஆண்டுச் சந்தாவுடன் கருவி விற்கிறார்கள். இந்தியக் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகள்; இரண்டு ஏக்கர்காரருக்கு அந்தச் சந்தா கட்டுப்படியாகாது. தன் நிலத்து மழைக்கணக்கைப் பார்க்க அவர் ஆண்டுதோறும் பணம் கட்டுவது நியாயமும் இல்லை.

தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீட்டுக் கருவிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க அங்கே தரமான மழைமானியும் வெப்பமானியும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். செய்முறையைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். திண்டுக்கல் பகுதிக் கல்லூரிகள் கருவி செய்வதை மாணவர்களின் இறுதியாண்டு வேலையாகக் கொடுக்கலாம். சரிவுக்கு ஒரு கருவி வைத்து, அதன் கணக்கை ஊருக்கே பொதுவாக்குங்கள். வரும் மாசிக்குள் தொடங்கினால் அடுத்த பூ மழைக்கே பயன்படும்.